ஆறு பேரில் மூன்று பேரைக் காணோம்

நவம்பர் 14, வெள்ளி

வானம் பார்க்கிறவன் தினமும் குறிப்பு எழுத வேண்டும் என்று நாகர்கோவில் பல் டாக்டர் தாணுமாலயன் சொல்லிவிட்டார். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவர் சொல்வதுதான் சட்டம். ஆகவே இன்று தொடங்குகிறேன்.

இடம்: பாளையங்கோட்டை, சொந்த வீட்டு மொட்டைமாடி. வடக்கே தண்ணீர்த் தொட்டி, கிழக்கே முருங்கை மரம், தெற்கே துணி காயும் கொடி, மேற்கே படிக்கட்டு. இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட வானம் என்னுடையது.

வானம்: முழு மேகம்.

கருவி: ஆறு அங்குல டெலஸ்கோப். புது வரவு: அகன்ற பார்வை ஐபீஸ் ஒன்று. கண்ணை வைத்துப் பார்க்கிற இடத்தில் செருகும் வில்லைக்குத்தான் ஐபீஸ் என்று பெயர். என் பழைய ஐபீஸில் பார்ப்பது சாவித் துவாரம் வழியாகக் கல்யாண வீட்டைப் பார்ப்பது மாதிரி. இது கதவையே திறந்துவிடும் என்கிறார்கள்.

வாங்கிய காரணத்தையும் பதிவு செய்கிறேன். என் மனைவி ஆவுடையம்மாள் கார்த்திகை நட்சத்திரத்தில் பிறந்தவள். போன வருடம் அவளை மாடிக்குக் கூட்டிப்போய் அவளுடைய நட்சத்திரத்தையே டெலஸ்கோப்பில் பிடித்துக் காட்டினேன். எத்தனை புருஷன் இதைச் செய்வான்? அவள் குனிந்து பார்த்தாள். "கார்த்திகைப் பொண்ணுவ ஆறு பேருல்லா? நீங்க மூணு பேரத்தான காட்டுதீய. மிச்ச மூணு பேர எங்க?" என்றாள்.

முப்பது வருடம் சர்வேயராக இருந்தவன் நான். ஊரான் நிலத்தில் அரை அடி குறைந்தாலும் சங்கிலியைத் திரும்பப் போட்டு அளந்தவன். கட்டினவளுக்கு மூன்று நட்சத்திரம் குறைத்துக் கொடுத்தேன் என்ற பேச்சை எப்படிப் பொறுப்பது? அதனால்தான் இந்த ஐபீஸ். இது அவளுக்காக வாங்கியது. அதை அவள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பார்க்கவில்லை. இன்று ஒரு சிறு நிர்வாகக் குழப்பம் நேர்ந்துவிட்டது. தஞ்சாவூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஆவுடை காலையில் ரயிலில் வந்தாள். நான் ஸ்டேஷனுக்குப் போவதாக ஏற்பாடு. அதே நேரத்தில் கூரியர்காரர் பெட்டியோடு புறப்பட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. ஆள் இல்லாவிட்டால் திருப்பி எடுத்துப்போய்விடுவார்கள். ஆவுடையை யாரும் திருப்பி எடுத்துப்போக மாட்டார்கள். ஆகவே வீட்டிலேயே இருந்தேன்.

அவள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். இரண்டு பை, ஒரு பரங்கிக்காய், தங்கை கொடுத்த இட்லிக் கொப்பரை. நான் பெட்டியை மடியில் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். என்னை ஒரு பார்வை, பெட்டியை ஒரு பார்வை. அத்தோடு சரி.

வீடு: அமைதி.

நவம்பர் 15, சனி

காலையில் மழை இல்லை. தூரத்துச் செல்போன் கோபுரத்தை வைத்துப் பகலிலேயே சோதித்தேன்.

புது ஐபீஸில் கோபுரம் தெரியவில்லை. பஞ்சுப் பொதி தெரிந்தது. ஐபீஸைத் தாங்கும் வெள்ளிக் குழாயை உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் பக்கத்தில் ஒரு திருகு உண்டு. அதைத் திருப்பினால்தான் படம் தெளியும். வெளியே இழுத்தால் பஞ்சு பெரிதாகிறது. உள்ளே தள்ளினால் சுருங்குகிறது. சுருங்கிச் சுருங்கி, இதோ கோபுரம் வரப்போகிறது என்று மூச்சைப் பிடிக்கும்போது 'கரக்' என்று குழாய் நின்றுவிடுகிறது. இன்னும் ஒரு விரல்கடை உள்ளே போக வேண்டும். போக மாட்டேன் என்கிறது.

பழைய ஐபீஸை மாட்டினேன். கோபுரத்தில் இருந்த காக்கா கண்ணைச் சிமிட்டுவதுகூடத் தெரிந்தது. எனவே குழாயில் கோளாறு இல்லை. குற்றம் புது ஐபீஸ் மேல்தான்.

டாக்டருக்குப் போன் போட்டேன். யாரோ ஒரு நோயாளியின் வாயில் கையை வைத்துக்கொண்டே பேசினார். சில டெலஸ்கோப்புக்கும் சில ஐபீஸுக்கும் ஜாதகப் பொருத்தம் இருக்காது, உள்பக்கம் இடம் போதாமல் போகும், சகஜம் என்றார். பெரிய கண்ணாடியைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தால் சரியாகும் என்பது அவர் யோசனை.

ஆவுடை இன்றும் பேசவில்லை. நாளைக்குப் பேசிவிடுவாள்.

நவம்பர் 16, ஞாயிறு

பேசவில்லை.

என்னிடம்தான் பேசவில்லை. குக்கரிடம் பேசுகிறாள். "சோறு ஆகிட்டு. திங்கணும்னு இருக்கவங்க வந்து திங்கலாம்" என்று குக்கரைப் பார்த்துச் சொன்னாள். நான் நாள்காட்டியைப் பார்த்து, ரசம் இருக்கிறதா என்று கேட்டேன். குக்கர் பதில் சொல்லவில்லை.

எனக்கும் வருத்தம் உண்டு, இதில் எழுதித்தான் ஆற்றிக்கொள்ள வேண்டும். போன ஆயுத பூஜைக்கு இந்த வீட்டில் எதெதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள் தெரியுமா? ஸ்கூட்டருக்கு வைத்தாள். மிக்ஸிக்கு, கிரைண்டருக்கு, அரிவாள்மணைக்கு. கொசு அடிக்கும் பேட்டுக்குக்கூட ஒரு பொட்டு. கூடத்தின் மூலையில் ஆள் உயரத்துக்கு நிற்கிறது என் டெலஸ்கோப், அதற்கு ஒன்றும் இல்லை. கண்ணாடிச் சாமான், பார்த்து இரு என்று நான் பொதுவாகச் சொன்னது உண்மை. அதற்காக ஒரு பொட்டுக்கூடவா கிடையாது? கொசு பேட்டுக்குக் கிடைத்த மரியாதை அதற்குக் கிடைக்கவில்லை. இதைக் கீழ்வீட்டு எஸ்தர் டீச்சரிடம் ஆவுடை காதில் விழும்படியே சொன்னேன். ஆவுடை உள்ளே போய்விட்டாள்.

நவம்பர் 19, புதன்

மழை. குழாயைத் துடைத்தேன். துணியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியது. துரு போல.

நவம்பர் 21, வெள்ளி

இன்று இறுதி எச்சரிக்கை வந்தது.

எஸ்தர் டீச்சர் பெண்கள் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவர். எங்கள் வாடகைக்காரர். ஒரு வாரமாக எங்கள் இரண்டு பேருக்கும் தூதர். மாடிப்படியில் என்னை நிறுத்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு செய்தியை ஒப்பித்தார்.

"அண்ணாச்சி, அக்கா சொல்லச் சொன்னாங்க. திருக்கார்த்திகை அன்னைக்கு வெளக்கு வைக்க மாடிக்கு வருவாங்களாம். அன்னைக்கு ஒரு தடவ பாப்பாங்களாம். ஆறு பேரும் ஒண்ணா தெரிஞ்சா சரி. தெரியலன்னா டெலஸ்கோப்பு பரணுக்குப் போகணுமாம். அந்த மூலையில தையல் மிஷின் போடப் போறாங்களாம்."

பேச்சுவார்த்தை எப்போது தொடங்கும் என்று கேட்டேன். அதுவும் அன்றைக்குத்தான் தெரியும் என்றார்.

ஆக, டிசம்பர் 3. தெரிந்தால் டெலஸ்கோப்பும் உண்டு, பொண்டாட்டியும் உண்டு. தெரியாவிட்டால் எனக்குக் குக்கர்தான்.

நவம்பர் 23, ஞாயிறு

கண்ணாடி அறுவை சிகிச்சை. டாக்டர் வீடியோவில் வழிகாட்டினார். பின்பக்க மூடியைக் கழற்றி, மூன்று திருகையும் தளர்த்தி, பெரிய கண்ணாடியை மேலே தூக்க வேண்டும். சர்வேயருக்குக் கண்ணாடி புதிதா? நிலம் அளக்கிற தியோடலைட் கருவி எத்தனையைப் பிரித்துக் கோத்திருக்கிறேன்.

மூன்றாவது திருகில் இருந்த ஸ்பிரிங் துள்ளியது. கொடியைத் தாண்டி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, கீழே எஸ்தர் டீச்சர் காயப்போட்டிருந்த உளுந்தில் விழுந்தது. நானும் டீச்சரும் முறத்தில் உளுந்தைக் கொட்டி ஒரு மணி நேரம் புடைத்தோம். ஆவுடை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுதாளா சிரித்தாளா என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை.

ஸ்பிரிங் கிடைத்தது. கல்லும் நிறையக் கிடைத்தது, டீச்சருக்கு அதில் சந்தோஷம்.

நவம்பர் 26, புதன்

மேகம் ஒரு மணி நேரம் விலகியது. திருகு இடம் கொடுத்த மட்டும் கண்ணாடியை மேலே ஏற்றியாகிவிட்டது. நீளத் திருகு வாங்கலாம் என்று மார்க்கெட்டுக்குப் போனேன். எந்த மோட்டாருக்கு என்று கடைக்காரர் கேட்டார். நட்சத்திரம் பார்க்க என்றேன். கல்லாவில் இருந்த இன்னொருவரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். திரும்பி வந்துவிட்டேன்.

முன்னேற்றம் உண்டு. ஒரு விரல்கடை குறைந்தது இப்போது ஒரு நெல் அளவுதான் குறைகிறது. நட்சத்திரம் பஞ்சுப் பொதியாக இல்லை, உளுந்த வடையாக இருக்கிறது, நடுவில் ஓட்டையோடு. ஆறு வடை. அவளிடம் ஆறு பேர் என்று சொல்லி வடையைக் காட்ட முடியாது. அவள் எண்ணெயில் கிடக்கும் வடைக்கே எடை சொல்லுகிறவள்.

திருகைத் திருப்பும்போதெல்லாம் அதே 'கரக்'. குழாய்க்கு அடியில் பல் பல்லாக ஒரு பட்டை ஓடுகிறது. அங்கிருந்து மஞ்சள் தூள் உதிர்கிறது. மோந்து பார்த்தேன். நல்ல வாசனை. வெளிநாட்டுக்காரனைச் சும்மா சொல்லக் கூடாது, இயந்திரத்துக்குப் போடுகிற கிரீஸில்கூட வாசனைத் திரவியம் சேர்க்கிறான்.

நவம்பர் 28, வெள்ளி

டாக்டர் போன் செய்தார். திருக்கார்த்திகை என்றால் பௌர்ணமி என்பது நினைவிருக்கிறதா என்று கேட்டார். கார்த்திகை மாதத்தில் நிலா நிறையும்போது கார்த்திகை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும், அதனால்தானே அந்த மாதத்துக்கே அந்தப் பெயர் என்றார். கல்யாண மண்டபத்து விளக்கைப் பக்கத்தில் ஏற்றிவைத்துக்கொண்டு மின்மினியைத் தேடப் போகிறேன்.

பௌர்ணமி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கவனத்தில் வைக்கவில்லை.

நல்ல ஃபோகஸ் கிடைத்தால் நிலா வெளிச்சத்திலும் ஆறும் தெரியுமாம். வடையாக இருந்தால் வெளிச்சத்தில் கரைந்துவிடுமாம்.

நவம்பர் 30, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். டெலஸ்கோப்பின் நீளக் குழாயையே பின்பக்கத்தில் ஒரு நெல் அளவு அறுத்துவிட்டால் கண்ணாடி மேலே வந்துவிடும். டாக்டரே தயங்கினார். பல்லை அறுக்கிறவர் குழாயை அறுக்கத் தயங்குகிறார். ரம்பம் வாங்கிவந்து, சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுவைத்தேன். கோடு நேராக இருக்கிறது. அதில் என்னைக் குறை சொல்ல முடியாது. செவ்வாய்க்கிழமை அறுக்கிறேன்.

ஆவுடை முருங்கை மரத்திடம் போய், "நல்லா இருந்த சாமான அறுக்கப் போறாவளாம்" என்றாள்.

டிசம்பர் 2, செவ்வாய்

ரம்பத்தைக் காணோம்.

மாடியில் வைத்தேன். இல்லை. கூடத்தில் இல்லை, ஸ்கூட்டர் பெட்டியில் இல்லை. எஸ்தர் டீச்சரைக் கேட்டால் மேலே பார்க்கிறார். மத்தியானம் குக்கருக்கு அரிசி அளந்து போடலாமே என்று உதவிக்குப் போனேன். அரிசி டிரம் பக்கம் போகவிடாமல் ஆவுடை குறுக்கே நின்றுகொண்டாள். இந்த வீட்டில் ஒரு உதவி செய்யக்கூட எனக்கு உரிமை இல்லை.

வேறு ரம்பம் வாங்க வெளியே போனேன். மழை பிடித்துக்கொண்டது.

நாளைக்குக் கார்த்திகை. என்னிடம் ஆறு வடை இருக்கிறது. எழுதவே மனசு வரவில்லை.

இவளோடு பேசி எத்தனையோ நாளாகிறது. முன்பெல்லாம் இவள் பேச ஆரம்பித்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவேன். இப்போது டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றும் கேட்கவில்லை.

டிசம்பர் 3, புதன். திருக்கார்த்திகை

உடனே எழுதிவைக்கிறேன், ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

சாயங்காலம் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. வீடெல்லாம் ஓலைக் கொழுக்கட்டை வாசனை. பச்சைப் பனையோலைக்குள் மாவையும் கருப்பட்டியையும் வைத்துக் கட்டி அவித்திருந்தாள். எனக்குத் தட்டில் வைத்துவிட்டு, "சூடா இருக்கு" என்று தட்டிடம் சொன்னாள்.

டெலஸ்கோப்பை மாடிக்கு ஏற்றினேன். கிழக்கே முருங்கை மரத்துக்கு மேலே கார்த்திகை வந்திருந்தது, பக்கத்திலேயே வெட்கமில்லாமல் நிலா. ஆவுடையும் எஸ்தர் டீச்சரும் கைப்பிடிச் சுவர் நெடுக அகல்விளக்கு வைத்துக்கொண்டே வந்தார்கள். வெளிச்சம் இடைஞ்சல், நாலு விளக்கோடு நிறுத்தலாமே என்று டீச்சர் மூலம் விண்ணப்பித்தேன். நிறுத்தவில்லை. போதாததற்குக் கோயிலில் சொக்கப்பனை கொளுத்திவிட்டார்கள். காய்ந்த பனைமரத்தைச் சுற்றி ஓலை கட்டி எரிக்கிறது சின்ன விஷயமா? புகை நேராக என் வானத்துக்கு வந்தது. சொல்லிவைத்த மாதிரி.

புகை விலகும்வரை காத்திருந்தேன். பிறகு ஐபீஸைச் செருகினேன். உள்ளே தள்ளினேன். 'கரக்'. வடை. நிலா வெளிச்சத்தில் அதுவும் வெளிறிப்போன வடை. திரும்பத் தள்ளினேன். 'கரக்'. விரல் வலித்தது. பின்னால் பெண்கள் இரண்டு பேரும் விளக்கு வைப்பதை நிறுத்திவிட்டு நிற்பது தெரிந்தது. நெற்றியில் வேர்த்தது. டிசம்பர் மாதக் காற்றில் எனக்கு வேர்த்தது.

"டீச்சர், அக்காகிட்ட சொல்லிருங்க. தையல் மிஷினைப் போடட்டும்" என்றேன்.

என் தோள் பக்கம் ஒரு குரல்.

"தள்ளுங்க."

குக்கரிடம் சொன்னது இல்லை. முருங்கை மரத்திடமும் இல்லை. என்னிடம்.

தள்ளி நின்றேன். ஆவுடை ஒரு அகலைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்தாள். தீயைக் கிட்டே கொண்டுபோகாதே என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். வெள்ளிக் குழாய்க்கு அடியில் விரலை ஓட்டினாள். விரல் ஒரு இடத்தில் நின்றது. விளக்கில் அவள் முகத்தைப் பார்த்தேன். திருடி அகப்பட்ட முகம்.

"இது எப்படி உள்ள போவும்? இங்கதான வச்சேன்."

"என்னத்த வச்ச?"

"சந்தனந்தான். ஆயுத பூஜைக்கு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பல்பட்டையை அகல் வெளிச்சத்தில் பார்த்தேன். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே சந்தனம் காய்ந்து கல்லாக இறுகிக் கிடந்தது. நடுவில் ஒரு சொட்டுச் சிவப்பு. அதுவரைக்கும்தான் குழாய் உள்ளே போயிருக்கிறது. பழைய ஐபீஸுக்கு அதற்கு மேல் உள்ளே போக வேண்டிய தேவையே இல்லாததால் இத்தனை நாள் தெரியவில்லை. நான் வாசனைத் திரவியம் என்று மெச்சிய வெளிநாட்டு கிரீஸ், எங்கள் பூஜையறைச் சந்தனம்.

"கிட்ட வந்தா கைய ஒடிப்பேன்னுல்லா சொன்னீய. எல்லாத்துக்கும் வச்சிட்டு இத மட்டும் விட எப்படி மனசு வரும்? நீங்க பாத்துப் பாத்துத் தொடைக்க சாமான். அதான் கண்ணுல படாம அடியில வச்சேன்."

நான் அப்படிச் சொன்னதாக இதில் எழுதவில்லை. பொதுவாகச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறேன். போகட்டும்.

கொசு பேட்டைக் காட்டி நான் ஊரெல்லாம் புலம்பியபோது இவள் வாயைத் திறக்காமல் உள்ளே போனதை நினைத்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மனுஷன் எங்கே பார்ப்பான்? நிலாவைப் பார்த்தேன்.

ஆவுடை கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். ஒவ்வொரு பல்லாகக் குடைந்து எடுத்தாள். டாக்டர் தாணுமாலயன் பார்த்திருந்தால் வேலைக்கு எடுத்திருப்பார். எடுத்த தூளைக் கீழே விடாமல் உள்ளங்கையில் வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டாள். மிச்சத்தை என் நெற்றியில் தேய்த்தாள்.

திருகைத் திருப்பினேன். கரக் இல்லை. குழாய் வெண்ணெயில் போகிற மாதிரி உள்ளே போனது. வடை சுருங்கியது, ஓட்டை மூடியது, சுருங்கிச் சுருங்கி ஊசிமுனை ஆனது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன். எண்ண வேண்டியவன் நான் இல்லை.

"பாரு" என்றேன்.

வெகுநேரம் பார்த்தாள். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"ஆறு பேரும் இருக்காவளா?" என்று எஸ்தர் டீச்சர் கேட்டார்.

"ஆறு பேரா? பின்னால சின்னதும் பெருசுமா ஒரு கூட்டமே நிக்கு, டீச்சர்" என்றாள் ஆவுடை. கண்ணை எடுக்காமலே என் பக்கம் கையை நீட்டி, என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தன பேரையும் இவ்வளவு நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தீய?"

டிசம்பர் 4, வியாழன்

வானம்: பார்க்கவில்லை.

வீடு: காலையிலிருந்து பேச்சு. தஞ்சாவூரில் ரயில் ஏறியதில் ஆரம்பித்தாள். பெட்டியில் எதிரே உட்கார்ந்த அம்மாள், அந்த அம்மாளின் மருமகள், மருமகளின் முட்டுவலி, பரங்கிக்காய் உருண்டு சீட்டுக்கு அடியில் போனது, ஸ்டேஷன் வாசலில் நின்று என்னைத் தேடியது, ஆட்டோக்காரர் கேட்ட கேள்வி. இன்னும் வீட்டுக்கு வந்து சேரவில்லை. டிவியை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அரிசி டிரம்மிலிருந்து ரம்பம் வெளியே வந்தது. எஸ்தர் டீச்சர் கேட்டு வாங்கிக்கொண்டார், அவருக்கு ஒரு கொய்யாக் கிளை வெட்ட வேண்டியிருக்கிறது. டெலஸ்கோப்பில் போட்ட சுண்ணாம்புக் கோட்டையும் அழித்தாகிவிட்டது.

அடுத்த ஆயுத பூஜைக்கு இப்போதே அளந்து, பென்சிலால் கட்டம் போட்டுவைத்திருக்கிறேன். இடம்: டெலஸ்கோப்பின் நீளக் குழாய், வெளிப்பக்கம், எல்லோரும் பார்க்கும் இடம். வடக்கே திறந்த வாய், கிழக்கே வெள்ளிக் குழாய், தெற்கே பின்மூடி, மேற்கே கைப்பிடி. இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட ஒரு ரூபாய்க் காசு அகலமுள்ள இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொள்ள என் மனைவி ஆவுடையம்மாளுக்குச் சர்வ சுதந்திர பாத்தியதை உண்டு. இதில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ பின்னால் எந்த ஆட்சேபணையும் கிடையாது.

படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுங்க என்றாள். போட்டேன்.